மாறாங்குளத்து அந்தி

சத்தியமா வே! சுசீந்திரம் தாணுமாலயன் அறிய, நான் சொல்லுக ஒவ்வொரு சொல்லும் உள்ளது. கொதிக்க நெய்யக் கொண்டாந்து முன்னால வச்சு, முக்கும் கையன்னு சொல்லும், இந்தா இப்பமே முக்குகேன். கோயில்ல அந்த வழக்கத்த நிறுத்தி நூறு வருசம் ஆகப்போவுது, அந்தத் தைரியத்துல கிழவன் பேசுகான்னு நினைக்காதயும். இந்தப் படத்த எடுத்தது நாந்தான். எடுத்தது இந்த மாறாங்குளத்தத்தான். நின்னது இந்தக் கரையிலதான். தக்கலையிலேருந்து பஸ்ஸேறி, மூணுகாலு ஸ்டாண்டத் தோள்ல சுமந்துக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்துட்டு, களவாணியப் பாக்க மாதிரி பாக்கீரே, நல்லா இருக்கா?

ஆமா, எதுத்தாப்புல நிக்கது கொண்டைமலைதான். ஒரு ஓரத்துல கொண்டை போட்ட மாதிரி பாறை துருத்திக்கிட்டு நிக்குல்லா, அதுனால அந்தப் பேரு. படத்துலயும் கொண்டை இருக்கு, நேர்லயும் இருக்கு. பின்ன என்ன குறை?

படத்துல வலப்பக்கம், இங்க இடப்பக்கமா?

ம்... அது நீரு நிக்க இடம் சரியில்ல. பத்துச் சுவடு கிழக்க போம். இன்னும். அந்தக் கல்லு வரைக்கும் போம். இப்பம்? இல்லியா? சரி, அப்பம் மேக்க வாரும். அக்கரைக்குப் போயிப் பாக்கணுமா? தாராளமாப் போம். ஆனா அங்கன போனா மலை உம்ம முதுகுக்குப் பின்னால போயிரும். தலைக்குப் பின்னாலயும் கண்ணு இருந்தா எடுக்கலாம். கோவப்படாதயும் வே. பெட்டிய எறக்கி வச்சுட்டு இப்பிடி இரியும். படத்துக்குப் பேரே மாறாங்குளத்து அந்தின்னுல்லா வச்சிருக்கு. அந்தி ஆக இன்னும் ஒரு மணிக்கூறு கெடக்கு. வெளிச்சம் எறங்கட்டும், எல்லாம் தன்னால புலப்படும்.

உமக்கு எத்தன வருசமா இந்தப் படப் பைத்தியம், இந்தக் கோட்டி? நாலு வருசமா? அப்பம் இனி தப்ப முடியாது. எனக்கு அம்பது தாண்டித்தான் புடிச்சுது. வயலு இருக்கு, பாக்க ஆளு இருக்கு, பொண்டாட்டி போயிச் சேந்துட்டா. மனுசன் என்னதான் செய்வான்? ஒரு பாதிரி ஊருக்குப் போகும்போது வித்துட்டுப் போன பெட்டி. கருப்புத் துணியத் தலையில போட்டுக்கிட்டு நான் குனிஞ்சா, ஊருப் பயலுவ ஆருக்கோ பேய் புடிச்சிருக்குன்னு ஓடுவானுவ. ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் காத்து ஒருநாள் அந்தத் துணிய அப்பிடியே உருவிக்கிட்டுப் போயிட்டு. ரெண்டு நாளு தேடுனோம். காணல்ல. கடைசியில பாத்தா தோவாளையில ஒரு எருமை முதுகுல கெடந்திருக்கு. எருமையும் கருப்பு, துணியும் கருப்பு, ஆருக்குத் தெரியும்? பாலு கறக்க உக்காந்தவ கைய வச்சுப் பாத்துத்தான் கண்டுபிடிச்சா. சிரிக்கீரு. அதுவும் சத்தியம்தான்.

கேளும். உச்சிவெயில்ல எடுத்தா மலை, அடிச்சுத் துவைச்சுக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெளுத்துப் போயிக் கெடக்கும். வெயிலு சாயணும். சாஞ்ச வெயிலுதான் கண்ணு தெரியாதவன் விரலால தடவுக மாதிரி ஒவ்வொரு மடிப்பா தடவிக் காட்டும். பொறவு, படத்த நட்டநடுவுல வெட்டக்கூடாது. கீழ பாதி தண்ணி மேல பாதி மலைன்னு வச்சீருண்ணா, ரெண்டு பொண்டாட்டி கெட்டுனவன் வீடு மாதிரி ரெண்டும் ஒண்ண ஒண்ணு மொறைச்சுக்கிட்டு நிக்கும். ஒண்ணுக்குக் கூடுதல் குடுத்துரணும். என் படத்தப் பாரும், மூணுல ரெண்டு பங்கு தண்ணி. மலைய விட மலையோட நிழலுதான் பெருசு. தண்ணி அசையாம நிக்கணும் அதுக்கு. ஒரு தவளை துள்ளுனாப் போச்சு.

படத்துல தெரியுக அந்தப் பனியா? திருவனந்தபுரத்துல கண்காட்சிக்கு வந்த தொரையும் அதத்தான் கேட்டாரு. என்ன லென்சு, எங்கேருந்து இந்த மென்மைன்னு. அவரு ஊருப் பனி இங்க வந்த மாதிரி இருக்காம். அதுக்குத்தான் முதல் பரிசு குடுத்தாங்க. பாதிரி பெட்டிக்க குணம்னேன். நீரும் அந்தப் பனிக்குத்தான் கோட்டி புடிச்சு வந்திருக்கீரு, எனக்குத் தெரியாதா?

இடதோரத்துல, மறுகால் மேல, கடுகளவுல ஒரு ஆளு நிக்கானே, அவனா? அவன் ஞானையன். மடைக்காரன். மறுகாலுன்னா தெரியும்லா, குளம் பெருகுனா மிச்சத் தண்ணி வழிஞ்சு போற எடம். கல்லுத் தூணு ரெண்டுக்கு நடுவுல பலகை சொருகியிருக்கும். பலகை இருந்தா தண்ணி நிக்கும், உருவுனா போவும். அந்தப் பலகையப் போடுகதும் எடுக்கதும் ஞானையனுக்க வேல. அவன் அப்பனுக்க வேலையும் அதுதான்.

அவன நிக்கச் சொன்னது நாந்தான். ஒரு ஆளு நின்னாத்தான் வே மலைக்கு அளவு வரும். ஆளு இல்லாட்டா அது மலையா, கெடக்குக வைக்கோல்படப்பான்னே தெரியாது. நல்ல பய. படமெடுக்க முந்தி, துணிக்குள்ள தலைய விட்டுப் பாருடேன்னேன். கண்ணாடியில எல்லாம் தலகீழால்லா தெரியும். பதறிட்டான். மொதலாளி, மலையக் கவுத்துட்டீரே, மேல மேயுத ஆடெல்லாம் வானத்துல விழுந்துருமேங்கான். அவன் சிரிச்ச சிரிப்புல கரையில இருந்த கொக்கு பறந்து போச்சு. பொறவு ஓடிப்போயி பலகை மேல நின்னான். அசையாத டேன்னேன். அசையல்ல. பாரும், இத்தன வருசத்துக்குப் பொறவும் அசையாம நிக்கான்.

இரியும். பேசாதயும். படத்த மடியில கவுத்து வையும். அந்தா புல்லுக்கட்டு தூக்கிக்கிட்டு வருகால்லா... பொறும்.

என்ன சத்தியபாய், புல்லு கெடைச்சுதா? மழை வரும்போல இருக்கே?

பாத்தீரா. திரும்பிக்கூடப் பாக்கல்ல. வருசம் பத்தாவுது, நானும் பாக்கும்போதெல்லாம் கேக்கேன். ஞானையனுக்க பொண்டாட்டி. அந்தக் கரை திரும்புக இடத்துல ஒத்தக் குடிசை தெரியுகுல்லா, அதுதான். முன்னால அங்கன பதினோரு குடிசை இருந்துது.

என்ன ஆச்சா? உமக்குத் தெரியாதா? அந்தச் சமயம் நீரு வடக்க எங்கயாவது வேலையில இருந்திருப்பீரு. கொல்லவருசம் ஆயிரத்துத் தொண்ணூத்தொம்பதுல பெருவெள்ளம் வந்துல்லா, அதுக்கு மூணு வருசம் கழிச்சு, ஐப்பசி. ரெண்டு நாளா விடாம மழை. குளம் நெறைஞ்சு தளும்புகு. கரை ஒடைஞ்சுது. மத்தியானம், சோறு திங்க நேரம். ஒம்பது பேரு. அதுல ரெண்டு கைக்குழந்தை. ஒரு குழந்தையத் தொட்டிலோட எடுத்தாங்க, மூணு மைலு தெக்க, வாழத்தோப்புக்குள்ள. தொட்டிலுக் கயிறு அவிழவே இல்ல.

ஆரு குத்தம்? மடைக்காரன் குத்தம். வேற ஆரு? பலகைய உருவ வேண்டியவன் உருவல்ல. சத்தியபாய் அன்னைக்கு அவ அம்மை வீட்டுக்குப் போயிருந்தா, அதுனால பொழச்சா. ஞானையனப் புடிச்சு கோர்ட்டுக் கூட்டுல ஏத்துனாங்க.

அவன் கோர்ட்டுல என்ன சொன்னான் தெரியுமா? நான் ராத்திரி முழுக்கக் கரையிலதான் இருந்தேன் எசமான், விடியும்போது பலகையில கைய வச்சுட்டேன், மொதலாளிதான் படமெடுக்கணும் கொஞ்சம் பொறுன்னாரு, பலகைய எடுத்தா தண்ணி அசையும், மலை கலையும்னாரு, அதுனால நின்னேன்னான். கோர்ட்டு முழுக்க என்னைத் திரும்பிப் பாக்கு. நான் அப்பிடி இல்லன்னேன். மொத நாளு அந்தியில மழை விட்டப்பம் எடுத்தேன்னு எனக்க வக்கீலு எழுதிக் குடுத்திருந்தாரு. அந்தியில பலகை கெடக்கது தப்பில்ல. அந்தியில நான் படமெடுத்தா ஆருக்கு என்ன நட்டம்? பொறவு ராத்திரி தண்ணி ஏறும்போது உருவ வேண்டியது அவன் பாடு. ஒறங்கிட்டான், இப்பம் என் தலையில சாத்துகான். அதுதான் வாதம்.

அவன் விடல்ல. மொதலாளி எடுத்த படத்தக் கொண்டாரச் சொல்லுங்க எசமான், நான் பொய் சொல்லுவேன், படம் சொல்லாது, அதுல வெளிச்சம் இருக்கும்லான்னு கையக் கூப்புனான். பாத்தீரா புத்திய? எழுத்து தெரியாது. ஆனா சூரியன் எந்தப் பக்கம் நிக்குன்னு படத்துல தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

கொண்டு போனேன். குடுத்தேன். எப்பம் எடுத்ததுன்னு ஜட்ஜி கேட்டாரு. நிழலே சொல்லுகே எசமான்னேன். அவரு வடக்க கொல்லத்துப் பக்கம், நல்ல மனுசன், ரசனைக்காரரு. கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. தெக்குக் கரையில நின்னு வடக்க பாத்து எடுத்திருக்கு, தூணோட நிழலு வலப்பக்கம் விழுகு, வலப்பக்கம் கிழக்கு, நிழலு கிழக்க விழுந்தா சூரியன் மேக்க, அப்பம் இது சாயங்காலம்னு வெரல வச்சு வச்சுச் சொன்னாரு. வக்கீலன்மாரு ரெண்டு பேரும் தலைய ஆட்டுனாங்க. படம் கொள்ளாம், நல்லாருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தையும் சொன்னாரு.

மொத நாளு சாயங்காலம் வெயிலடிச்சுதான்னு ஊருக்குத் தெரியாதான்னு கேக்கீரா? ஒம்பது பொணத்தத் தூக்கிப் போட்ட ஊரு வே. மொத நாளு வெயிலா மழையான்னு ஆரு மனசுல வச்சிருப்பா? இருந்தாலும் எனக்கெதிரா ஆரு வந்து சொல்லுவா?

பொறவு படத்த ஞானையன் கையில குடுத்தாங்க. பாத்தான். கண்ணுக்குக் கிட்டத்துல வச்சுப் பாத்தான். இது எங்க குளமில்ல எசமான்னான். கோர்ட்டே சிரிச்சுது. எடே, பலகை மேல நிக்கது நீதானடேன்னு வக்கீலு கேக்காரு. ஆளு நாந்தான் எசமான், குளம் எங்குளமில்லங்கான். ஏன் இல்லன்னா சொல்லத் தெரியல்ல. படத்தப் புடிச்சுக்கிட்டு கூட்டுக்குள்ளயே கிழக்க திரும்புகான், மேக்க திரும்புகான், முதுகக் காட்டித் திரும்பி நிக்கான், மறுபடியும் சுத்துகான். சனங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்காங்க. சேவகன் ரெண்டு பேரும் சிரிக்கான். நானும்... ஆமா, நானும் சிரிச்சேன். எல்லாரும் சிரிக்கும்போது ஒருத்தன் மட்டும் சிரிக்காம நின்னா பாப்பாங்கல்லா.

சொந்தக் குளத்தையே இல்லங்கவன் வேற எதத்தான் உள்ளதாச் சொல்லுவான்னு எழுதிட்டாங்க. ரெண்டு வருசம். பதினாலாம் மாசம் ஜெயில்ல வயித்தோட்டம் கண்டு போயிட்டான். பொணத்தக்கூட சத்தியபாய் பாக்கல்ல. கடுதாசி வந்து சேரும்போது புதைச்சு எட்டு நாளு.

என்ன வே, எந்திரிச்சிட்டீரு? இரியும். வெளிச்சம் இன்னும் வரல்ல. படத்தத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு எதுக்கு இப்பிடி... அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா மட்டும் கொண்டை மாறிருமா? போதும். சொன்னாக் கேளும். சுத்தாதயும். இங்க பாரும், கரையில அப்பிடிச் சுத்தாதயும்.

பத்து வருசம் வே. படத்தப் பாத்தவன் எவனும் குளத்தப் பாக்கல்ல. குளத்தப் பாத்தவன் எவனும் படத்தப் பாக்கல்ல. ஜட்ஜி கரைக்கு வரல்ல, வந்தா மட்டும் ஒடைஞ்ச கரையும் சேறும்தான் பாத்திருப்பாரு. பரிசு குடுத்தவங்க வரல்ல. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தது ரெண்டே பேரு. ஞானையன், மனசுக்குள்ள குளத்த வச்சுக்கிட்டுப் பாத்தான். இப்பம் நீரு.

நல்லவேள, அட்டையில ஒட்டாம வச்சிருக்கீரு. திருப்பும். தலகீழா இல்ல, முன்னப் பின்னாத் திருப்பும். படத்துக்க முதுகு உம்ம மூஞ்சிக்கு நேர இருக்கட்டும். இனி சூரியனுக்கு நேர தூக்கிப் புடியும். தாளு வழியா தெரியுகா? கொண்டை எந்தப் பக்கம்? இடப்பக்கம். மறுகாலு? வலப்பக்கம். மலையப் பாரும், படத்தப் பாரும். ஒட்டிச்சா? அதுதான் எங்க குளம். இப்பம் தூணுக்க நிழலப் பாரும். மேக்க விழுகு. அப்பம் சூரியன் எங்க வே?

அது அந்தியில்ல. காலம்பற எட்டேகாலு.

ஆறு மணிக்கே அவன் பலகையில கை வச்சுட்டான். நாந்தான் பொறுடேன்னேன். மழை விட்டிருக்கு, காத்து இல்ல, தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு. அப்பிடி ஒரு தண்ணிய நான் அதுக்கு முன்னயும் பாக்கல்ல, பின்னயும் பாக்கல்ல. ஆனா கிழக்க ஒரு மேகம். வெளிச்சம் இல்லாம மலை செத்துக் கெடக்கு. மேகம் வெலகட்டும்னேன். ஏழு மணிக்கு, தண்ணி ஏறுகு மொதலாளின்னான். இன்னா வந்துட்டு வெளிச்சம்னேன். ஏழரைக்கு மறுபடியும் சொன்னான். கொஞ்சம் பொறுடேன்னேன். எட்டு மணிக்கு அவன் பலகைப் பக்கம் போயி தண்ணியில விரல வச்சு அளந்து பாத்துட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான். அப்பம் மேகம் வெலகுச்சு. அங்கனயே நில்லுடே, அசையாதன்னேன். எடுத்தேன். பொறவு ரெண்டு பேருமாச் சேந்து பலகையப் புடிச்சு இழுக்கோம், வரமாட்டேங்கு. தண்ணி ஏறி ஏறி அமுக்கி, பலகை கல்லோட கல்லா இறுகிப் போச்சு. கடப்பாரை எடுக்க அவன் ஊருக்குள்ள ஓடுனான். நான் கண்ணாடித் தகடு நனையக்கூடாதுன்னு பெட்டியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போனேன். மலையில மறுபடியும் மழை புடிச்சுட்டு.

திருப்புனது எப்பிடியா? அதுக்குன்னு திருப்பல்ல. அத நம்பும். கோட்டாறுல முகம்மது ஹனீபான்னு ஒரு சேக்காளி எனக்கு. தகடு கழுவுகதும் அச்செடுக்கதும் அவன் வீட்டு முத்தத்துலதான். பொணமெல்லாம் எடுத்து முடிஞ்சு ஆறாம் நாளு. போகாம இருக்க முடியல்ல வே, தகட்டுல என்ன வந்திருக்குன்னு பாக்காம எனக்கு இருக்க முடியல்ல. அச்சு போட்டான். பாத்தேன். எனக்கு என்னமோ சரியில்ல. கண்ணு இடப்பக்கம் நுழைஞ்ச உடனே கொண்டையில முட்டி நின்னுருகு, ஆளு அந்தக் கடைசியில அநாதையா நிக்கான். ஹனீபா சிரிக்கான். எனக்குச் சரியாத்தானே இருக்கு, நான் ஓதிப் படிச்ச எழுத்து வலப்பக்கத்துலேருந்துல்லா வருகு, மொதல்ல ஆளு, பொறவு தண்ணி, கடைசியில கொண்டை, அழகாப் போவுதேங்கான். உமக்கு உம்ம எழுத்து போற பக்கம் வேணும், அவ்வளவுதானேன்னு தகட்டப் பெரட்டி வச்சு வெயில்ல காட்டுனான். தகட்டுல மருந்து பூசுன பக்கம்தான் தாளோட ஒட்டணும். பெரட்டி வச்சா எடது வலதாவும், நடுவுல கண்ணாடிக் கனம் இருக்கதுனால கொஞ்சம் மங்கிப் போவும். அந்த மங்கலுதான் வே நீங்களெல்லாம் மயங்குக பனி. அன்னைக்கு ஒரு பொட்டுப் பனி கெடையாது.

அடுத்த மாசம் ஹனீபா கொழும்புக்குப் போயிட்டான். கேசு நடந்ததே அவனுக்குத் தெரியாது. கோர்ட்டுலேருந்து படம் கேட்டு ஆளு வந்தன்னைக்கு எங்கிட்ட ரெண்டு அச்சு இருந்துது. ஒண்ணு ஞானையனுக்குச் சாதகம், ஒண்ணு எனக்கு. ரெண்டையும் மேசையில வச்சுட்டு உக்காந்திருந்தேன். சேவகன் வாசல்ல நின்னு நேரமாச்சு நேரமாச்சுங்கான். நல்லா அமைஞ்ச படத்த எடுத்துக் குடுத்தேன். மத்தத அடுப்புல போட்டேன். தகட்டையும் ஒடைச்சேன். கேசு முடிஞ்சு கோர்ட்டு திருப்பிக் குடுத்த அந்த ஒரே அச்சுதான் கண்காட்சிக்குப் போயி, கைமாறி, இப்பம் உம்ம கையில இருக்கது.

எதுக்கு இப்பம் சொல்லுகேன்னா... நீரு இன்னும் ரெண்டு சுத்துச் சுத்தியிருந்தா தன்னாலயே கண்டுபிடிச்சிருப்பீரு. அதுல என்ன இருக்கு.

வெளக்கு வைக்க முந்தி சத்தியபாய் மாட்டுக்குத் தண்ணி எடுக்க இந்த வழியாத்தான் வருவா. நான் இப்பிடி எறங்கி வயல் வரப்பு வழியாப் போறேன். உமக்கு மனசுல தோணுச்சுண்ணா படத்தத் திருப்பி அவகிட்டக் காட்டும். அவளுக்கு வெளக்கம் சொல்லவேண்டாம், கரையில பொறந்து வளந்தவ, கண்டவொடனே புரிஞ்சுக்கிடுவா. ஞானையன் பொய் சொல்லல்லன்னு மட்டும் சொல்லும். ஆனா வே, நீரா கண்டுபிடிச்சதா இருக்கட்டும். நல்ல பேரு உமக்கு வரட்டும். அந்தக் கிழவன் பக்கத்துல இருந்தானே, அவன் ஒண்ணும் சொல்லல்லியான்னு கேட்டாண்ணா, எருமை மேல துணி விழுந்த கதைதான் சொன்னான், வேற வாயத் திறக்கல்லன்னு சொல்லிரும்.